வெயில் விழாத வீடு தேடி

மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறியதிலிருந்து நான் எண்ணிக்கொண்டே வந்தேன். குன்னூர் போய்ச் சேருவதற்குள் வீட்டுச் சாமான் ஏற்றிய வண்டிகள் ஐந்து எதிரில் இறங்கின. கட்டில், பீரோ, சுருட்டிய பாய், கவிழ்த்து வைத்த அண்டா. ஒரு லாரியில் சாமான்களுக்கு மேலே ஒரு நாய்கூட உட்கார்ந்திருந்தது. சாமானோடு ஏறுகிற வண்டி ஒன்றையும் காணோம். பர்லியாறு தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவில் எங்கள் பஸ்ஸுக்கு வழிவிட்டு ஒரு லாரி ஓரமாக நின்றது. டிரைவருக்குப் பக்கத்தில் இருந்த பெண் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பரிதாபப்படுகிறாளா, கேலி செய்கிறாளா என்று பிடிபடவில்லை.

"எல்லாரும் எறங்கற ஊருக்கு நாம மட்டும் எதுக்குங்க ஏறிட்டிருக்கறோம்?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன்.

தேயிலைக்கு விலை விழுந்துவிட்டது, ஃபேக்டரிகளை ஒவ்வொன்றாக மூடுகிறார்கள், ஜனங்கள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் பிழைக்கப் போகிறார்கள், நமக்கு அரசாங்கச் சம்பளம், தேயிலை விற்றாலென்ன விற்காவிட்டாலென்ன என்று சொன்னார். சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். அவர் எதையும் நம்பிவிடுகிற மனிதர். அதனால் எங்கள் குடும்பத்தில் சந்தேகப்படுகிற வேலை முழுவதும் என் தலையில் விழுந்திருந்தது.

அந்த வேலையில் எனக்கு முன் அனுபவம் இருந்தது. கல்யாணமான புதிதில் பவானியில் ஒரு வீடு பார்த்தோம். குழாயில் தண்ணீர் எந்நேரமும் வரும் என்றார் வீட்டின் சொந்தக்காரர். திறந்துகாட்டினார், கொட்டியது. குடி போன பிறகுதான் தெரிந்தது, அன்று காலை ஆள் வைத்துக் குடம் குடமாகத் தொட்டியை நிரப்பியிருக்கிறார்கள். மூன்று வருஷம் தெருமுனைக் குழாயில் தண்ணீர் சுமந்தேன். அதற்குப் பிறகு யார் எதைச் சொன்னாலும் எனக்குள் ஒரு கேள்வி தானாக எழும்: இதில் இவருக்கு என்ன லாபம்? விடை கிடைக்கும்வரை நான் தலையாட்டுவதில்லை.

இந்த மாற்றல் உத்தரவை மட்டும் நான் சந்தேகிக்கவில்லை. காரணம் எங்கள் மகள். அவளுக்கு அப்போது ஐந்து வயது. மாசி பிறந்தால் போதும், சில்லுமூக்கு உடைந்துவிடும். விளையாடிக்கொண்டிருக்கும்போது, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் மூக்கிலிருந்து ரத்தம் வழியும். ஒருமுறை பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்றவள் வெள்ளைச் சட்டையெல்லாம் ரத்தமாக வீடு வந்து சேர்ந்தாள். வெயிலில் விடாதீர்கள், குளிர்ச்சியான இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார் பவானி டாக்டர். பவானியில் குளிர்ச்சியான இடத்துக்கு நான் எங்கே போவேன்? அவளுக்காக எப்போதும் ஒரு துண்டு என் தோளில் கிடக்கும். வெயிலைப் பார்த்தாலே எனக்கு எதிரியைப் பார்ப்பதுபோல் இருக்கும். குன்னூர் என்று உத்தரவு வந்ததும் அவருடைய ஆபீஸில் எல்லோரும் துக்கம் விசாரித்தார்கள். நான் மாரியம்மன் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தேன்.

ஆக, வீடு பார்க்கப் போன அந்த ஞாயிற்றுக்கிழமை என் மனதில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். வெயில் விழாத வீடு வேண்டும். இந்தப் பிள்ளையின் மூக்கில் இனி ஒரு சொட்டு ரத்தம் வரக்கூடாது.

தரகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் குடை ரிப்பேர் செய்கிறவர். அவரிடம் குடைகளைவிட வீடுகள் அதிகமாக இருந்தன. ஊரெங்கும் 'வீடு வாடகைக்கு' என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். அட்டைப்பெட்டிக் கிழிசலில், சிலேட்டில், பழைய காலண்டரின் முதுகில். கேட்பதற்கு முன்பே வாடகையைக் குறைத்துச் சொன்னார்கள். எங்கள் பக்கம் நாம் வீட்டைத் தேடி அலைய வேண்டும். இங்கே வீடுகள் நம்மைத் துரத்தின. ஒரு ஊரே காலியாகிறது என்றால் அதற்குத் தேயிலை ஒன்றுதான் காரணமாக இருக்குமா?

முதலில் காட்டியது மேட்டில் இருந்த ஒரு தகரக்கூரை வீடு. தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஏறும் மண்படிகள். கிள்ளுகிற கூலிக்குக்கூட இலை விலை கட்டாமல் செடிகளை விட்டுவிட்டிருந்தார்கள்; அவை தோள் உயரத்துக்கு வளர்ந்து வழியை மறைத்தன. வீட்டுக்காரம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். புடவைக்கு மேல் ஸ்வெட்டர், தலையில் துண்டு, வாயில் வெற்றிலை. சிலோன் தோட்டத்திலிருந்து சின்ன வயதில் பெற்றோரோடு திரும்பி வந்தவர் என்றும், பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறார் என்றும், இப்போது வாரத்தில் மூன்று நாள்தான் வேலை கொடுக்கிறார்கள் என்றும் படியேறும்போதே தரகர் சொல்லியிருந்தார். இரண்டு மகன்களும் திருப்பூருக்குப் போய்விட்டதால் வீட்டின் முன்பாதி காலி.

"இந்த முன்பக்கத்து ரெண்டு காம்பராதான்" என்று அவர் கதவைத் திறந்தார். அறையைத்தான் அப்படிச் சொன்னார். "காலையில ஏழு மணிக்கு வெயிலு உள்ள வந்திச்சின்னா சாயங்காலம் வரைக்கும் போகாது."

ஏதோ தங்கம் புதைத்து வைத்திருப்பதைச் சொல்கிற மாதிரி சொன்னார். உண்மைதான், வாசலில் விழுந்த வெயில் எதிர்ச்சுவர் வரைக்கும் நீண்டிருந்தது. நான் மகளை இழுத்து என் புடவை மறைவில் நிறுத்திக்கொண்டு துண்டைக் கையில் எடுத்தேன். வெயிலைப் போய் யாராவது பெருமையாகச் சொல்வார்களா?

முற்றத்தில் மூன்று கொடிகள் கட்டியிருந்தார்கள். மூன்றும் நிறைந்து கிடந்தன. வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டதற்கு, நானும் எங்கூட்டு மனுசனும்தான் என்று சொல்லியிருந்தார். நான் கொடியை எண்ணினேன். ஆண்களின் பேண்ட் ஏழு, அதுவும் மூன்று அளவுகளில். நர்ஸ் உடுத்தும் வெள்ளைப் புடவை இரண்டு. இரண்டு வேறு பள்ளிக்கூடங்களின் யூனிஃபார்ம். வெள்ளைப் பை வைத்துத் தைத்த சின்ன நீல கவுன் ஒன்று, என் மகள் உயரமுள்ள பிள்ளைக்குப் போடுவது. இரண்டு பேர் இருக்கிற வீட்டில் இத்தனை பேரின் துணி எப்படி வந்தது? இங்கே யார் யாரோ வந்து போகிறார்கள். ஏதோ சரியில்லாத வீடு. அவரிடம் நான் அதைக் கேட்கவில்லை. கேட்டால் பொய்தான் சொல்வார், பொய்யைக் கேட்டு வாங்குவானேன் என்று இருந்துவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கொழுந்து எடுக்கிற பெண் வீட்டுக்காரி, நான் அவள் குடித்தனக்காரி என்பதும் எனக்கு ஒப்பவில்லை. அதை அப்போது எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை. பழியைத் துணியின் மேல் போட்டுவிட்டேன்.

இரண்டாவது வீடு அதே மேட்டின் அடியில், ஒரு குழிவான இடத்தில் இருந்த நாலைந்து வீடுகளில் ஒன்று. சுற்றிலும் ஓங்கி நின்ற கற்பூர மரங்கள். பாசி படர்ந்த கல்படி. படியின் இருபுறமும் நீலப்பூ கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தது. உள்ளே கால் வைத்ததும் தரை சில்லென்றது. அந்த நிமிஷமே எனக்கு அந்த வீடு பிடித்துவிட்டது. வீட்டின் சொந்தக்காரர் கோயம்புத்தூரில் இருந்தார், இந்தப் பக்கம் வருவதே இல்லையாம். அதுவும் வசதியாகத் தோன்றியது.

குடியிருந்தவர்கள் மறுநாள் காலி செய்வதாக இருந்தார்கள். அவர் ஒரு டீ ஃபேக்டரியில் மிஷின் மிஸ்திரி; ஃபேக்டரியை மூடிவிட்டதால் திருப்பூருக்குப் போகிறார்கள். லாரி பேசுவதற்காக அவர் வெளியே போயிருக்க, அவர் மனைவி மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். வீடு எப்படி என்று அவளிடம் கேட்டேன். அவள் தரகரை ஒருமுறை பார்த்துவிட்டு, "குளிர்ச்சியா இருக்குமுங்க" என்று சொல்லி மறுபடியும் குனிந்துகொண்டாள். உள்ளறையில் ஒரு குழந்தை கம்பளியை இழுத்துப் போர்த்திப் படுத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைதானே, தூங்கட்டும் என்று நினைத்தேன்.

அந்த அறையில் சுவரோடு ஒரு அலமாரி இருந்தது. அதைத் திறந்தேன். மற்றவர்கள் வீட்டு அலமாரியைத் திறந்து பார்ப்பது தவறுதான், ஆனால் வீடு பார்க்கப் போனால் நான் எதையும் விடுவதில்லை. உள்ளே ஒரு பல்ப் ஒயரில் தொங்கிக்கொண்டு எரிந்தது. பட்டப்பகலில், மூடிய அலமாரிக்குள், பல்ப். இது எதற்கு என்று தரகரைக் கேட்டேன்.

"துணிக்குங்க" என்றார்.

துணிக்கு எதற்கு வெளிச்சம், அது உட்கார்ந்து படிக்கப்போகிறதா? காதில் பூச்சுற்றுகிறார் என்று விட்டுவிட்டேன். ஒரே சுவரில் மூன்று சாமி காலண்டர்கள் வரிசையாகத் தொங்கின. பக்தியான குடும்பம் என்று அதை மட்டும் நல்ல கணக்கில் வைத்துக்கொண்டேன்.

"வெயில் எப்பங்க வரும்?" என்றேன் கடைசியாக.

தரகர் தலையைச் சொறிந்தார். "பதினொண்ணு பன்னண்டுக்குக் கொஞ்சம் எட்டிப் பாக்குமுங்க" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அதுவும் வராமல் இருந்தால் இன்னும் தேவலை என்று நான் சொன்னதும், அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். அந்த மனிதர் என்னிடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். பொய் சொல்ல நான் அவருக்கு இடமே கொடுக்கவில்லை. வாடகை மேட்டு வீட்டைவிட அதிகம். அதிகம் கேட்கிறார்கள் என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

திரும்பி ரோட்டுக்கு ஏறுகிற வழி மேட்டு வீட்டை ஒட்டித்தான் போயிற்று. அந்த அம்மா துணிகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தார். எந்த வீடு என்று தரகரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு என்னைப் பார்த்தார்.

"அந்தக் குழிக்குள்ளயா? சின்னப்புள்ளைய வச்சிக்கிட்டு அங்க போகாத தங்கச்சி. வெயிலு இல்லாத வூட்டுல புள்ள தேறாது."

இதில் இவளுக்கு என்ன லாபம்? வழக்கமாக இந்தக் கேள்விக்கு விடை கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாளாகும். அன்றைக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. கையில் வந்த குடித்தனம் நழுவிப் போகிற வயிற்றெரிச்சல், வேறென்ன. பிள்ளையைச் சொல்லிப் பயமுறுத்துகிறாளே என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

வைகாசியில் குடி வந்தோம். ஆவணி வரைக்கும் நான் சொன்னதுதான் சரியாக இருந்தது. மகளின் மூக்கிலிருந்து ரத்தம் என்ற பேச்சே இல்லை. துண்டை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். மிஸ்திரி குடும்பம் காலண்டர்களைக் கழற்றாமலே விட்டுப்போயிருந்தது. சாமி படம் இருக்கட்டும் என்று நானும் கழற்றவில்லை. அலமாரி பல்பை மட்டும் கழற்றிக் குளியலறையில் மாட்டிக்கொண்டேன்.

ஐப்பசி மழை பிடித்தது. அப்புறம்தான் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. உப்பு தண்ணீராக ஓடியது. மளிகைக்கடைக்காரர் நனைந்த உப்பைத் தலையில் கட்டிவிட்டார் என்று சண்டைக்குப் போனேன். அடுத்த வாரம் தீக்குச்சி பற்றவில்லை. பழைய சரக்கு என்று மறுபடியும் போனேன். மாவு பொங்கவில்லை, உளுந்தின் மேல் பழி. அப்பளம் துணி மாதிரி துவண்டது. கடைக்காரர் காரமடைப் பக்கத்து மனிதர், பொறுமைசாலி. நாலாவது முறை போனபோது, "ஏனுங்க, நீங்க எந்த ஊட்டுல குடியிருக்கறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். அவர் தீப்பெட்டிகளை ஒரு பாலிதீன் பையில் போட்டு வாயை முடிச்சிட்டுக் கொடுத்தார். உப்பு ஜாடிக்குள் கொஞ்சம் அரிசி போட்டுவைக்கச் சொன்னார். வீட்டுக்கும் தீப்பெட்டிக்கும் என்ன சம்பந்தம், கேள்வியை எதற்குத் திருப்பி விடுகிறார் என்று நான் அவரையும் சந்தேகப்பட்டேன்.

என் வீட்டுக்காரரின் பெல்ட்டிலும் செருப்பிலும் வெள்ளையாகப் பூத்தது. என் முகூர்த்தப் புடவையில் சரிகையோரம் கரும்புள்ளி விழுந்தது. துவைத்த துணி நாலு நாளானாலும் காயவில்லை. மகளின் யூனிஃபார்மை இரவு முழுக்க அடுப்பங்கரையில் தொங்கவிட்டு, காலையில் ஈரத்தோடு இஸ்திரி போட்டு, ஆவி பறக்கப் பறக்க அவளுக்கு மாட்டிவிடுவேன். அந்த ஐந்து நிமிஷம் கதகதப்பாக இருக்கும். பஸ்ஸுக்கு நிற்கும்போது அவளுக்கு நடுக்கம் எடுக்கும்.

பிறகு அவள் இரும ஆரம்பித்தாள். பக்கத்தில் உட்காருகிற பிள்ளையிடமிருந்து ஒட்டிக்கொண்டது என்று பள்ளிக்கூடத்தில் போய் இடம் மாற்றச் சொன்னேன். பேக்கரி வர்க்கியை நிறுத்தினேன். பால்காரரை மாற்றினேன். நான் சந்தேகப்படாதது அந்த வீடு ஒன்றைத்தான். நான் தேடிப் பிடித்த வீடாயிற்றே. கார்த்திகையில் மூச்சு விடும்போது அவள் நெஞ்சுக்குள்ளிருந்து பூனைக்குட்டி கத்துகிற சத்தம் வந்தது. ஒரு மாலை விலா எலும்புகள் உள்ளே இழுக்கிற அளவுக்கு மூச்சு இளைத்தது. தூக்கிக்கொண்டு ஓடினோம்.

ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் மருந்து கொடுத்து, மூச்சு சீரான பிறகு என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். வீட்டுக்குள் வெயில் வருமா என்று கேட்டார்.

"ஒரு பொட்டு வெயில் வராதுங்க டாக்டர். அதுக்குன்னே தேடிப் புடிச்ச ஊடுங்க" என்றேன்.

பெருமையாகத்தான் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. கீழ்நாட்டு வறண்ட வெயிலுக்குத்தான் மூக்கு உடையும், இந்த ஊர் வெயில் அப்படியில்லை, இங்கே வெயில்தான் பாதி மருந்து என்று நிதானமாகச் சொன்னார். வெயில் வருகிற, ஈரமில்லாத வீட்டுக்கு உடனே மாறுங்கள், முடியாவிட்டால் பிள்ளையைக் கீழே கூட்டிப் போய்விடுங்கள், இந்த நெஞ்சு இன்னொரு மாத மழையைத் தாங்காது என்றார். என் வீட்டுக்காரர் ஒரு ஊரில், நானும் பிள்ளையும் ஒரு ஊரில், கீழே போனால் மறுபடியும் மூக்கு ரத்தம். வீட்டுக்கு நடந்து வரும்போது, இந்த டாக்டருக்கும் மேட்டு வீட்டு அம்மாவுக்கும் ஏதாவது பழக்கம் இருக்குமோ என்றுகூட எனக்குத் தோன்றியது. இருக்காது என்று தெரிந்தும் தோன்றியது.

வந்ததும் முதல் வேலையாக, ஈரம் எங்கே இருக்கிறது என்று பார்க்கக் காலண்டர் ஒன்றைச் சுவரிலிருந்து கழற்றினேன். அதன் பின்னால் சுவர் கறுப்பாக, பஞ்சு மாதிரி ஊறிக் கிடந்தது. கை வைத்தேன், விரல் நனைந்தது. மற்ற இரண்டையும் கழற்றினேன். அவற்றுக்குப் பின்னாலும் அப்படித்தான். அந்தச் சுவரை ஒட்டித்தான் பிள்ளையின் கட்டில். அலமாரியைத் திறக்கிற எனக்கு ஒரு காலண்டரைத் தூக்கிப் பார்க்கத் தெரியாமல் போயிற்றே என்று கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். என் மேலேயே எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

மறுநாள் காலையில் மழை விட்டிருந்தது. எங்கள் குழிக்குள் இருள் கலையவில்லை. நிமிர்ந்து பார்த்தால் மேட்டு வீட்டு முற்றம் மட்டும் மஞ்சளாக மின்னியது. மகளைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு, அந்த மண்படிகளில் ஏறினேன். நெஞ்சுச் சத்தம் என் தோளில் கேட்டுக்கொண்டே வந்தது. அன்றைக்கு எஸ்டேட்டில் வேலை இல்லை போலிருக்கிறது, அந்த அம்மா வீட்டில்தான் இருந்தார். ஒரு சாக்கை உதறி வெயிலில் போட்டு, பிள்ளையை வாங்கி, முதுகில் வெயில் படுகிற மாதிரி உட்காரவைத்தார். நான் பழக்கதோஷத்தில் துண்டைத் தேடினேன். அது பெட்டிக்குள் இருந்தது. மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் கம்பளியைத் தானே தள்ளிவிட்டு, மூச்சு நிதானமாகி, சாக்கின் நூலைப் பிரித்து விளையாட ஆரம்பித்தாள்.

அதற்குள் கீழேயிருந்து ஒரு பெண் வாளி நிறைய ஈரத்துணியோடு ஏறி வந்தாள். கொடியில் போட்டுவிட்டுப் போனாள். பின்னாலேயே இன்னொருத்தி, அவள் வாளியில் நர்ஸின் வெள்ளைப் புடவை. பிறகு ஒரு வயசான மனிதர் இரண்டு ஸ்வெட்டர்களோடு வந்தார். யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. குழியில் குடியிருக்கிற அத்தனை வீட்டுத் துணியும் இங்கேதான் காய்கிறது என்பது என் மண்டைக்குள் இறங்க இவ்வளவு நேரமாயிற்று.

முன்பக்க அறை இன்னும் காலியாக இருக்கிறதா என்று கேட்டேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே என்னை நன்றாகப் பார்த்தார். இந்த முறை தங்கச்சி என்று சொல்லவில்லை.

"அன்னைக்கி வந்து பாத்துட்டுப் போனீங்கல்ல. என்னா கொறையக் கண்டு போனீங்க?"

வாடகை, தண்ணீர், படி அதிகம் என்று எதையாவது சொல்லியிருக்கலாம். பிள்ளையை அவர் சாக்கில் உட்காரவைத்துவிட்டு வாயில் பொய் வரவில்லை. ரெண்டு பேர் இருக்கிற வீட்டில் அத்தனை பேர் துணி கிடந்தது, சின்னப் பிள்ளையின் நீல கவுன்கூட இருந்தது, அதனால் சந்தேகப்பட்டேன் என்று சொன்னேன். கொழுந்து எடுக்கிறவர் என்பதைச் சொல்லவில்லை. அது அவருக்குத் தெரிந்திருக்கும்.

அவர் சிரிக்கவில்லை. கொடியை மோவாயால் காட்டினார்.

"அதுல பாதி, நீங்க இப்ப இருக்கிற வூட்டுத் துணிதான். அந்த மிஸ்திரி சம்சாரம் காலி பண்ணிப் போற வரைக்கும் இங்கதான் காயப்போட்டிச்சி. அந்த நீல கவுனு அது மகளோடது. அந்தப் புள்ளைக்கும் இதே இளைப்புத்தான்."

நான் அந்த கவுனை எண்ணியிருந்தேன். வெள்ளைப் பை வைத்தது என்பதுவரை பார்த்து வைத்திருந்தேன். அரைமணி நேரம் கழித்து அதே பிள்ளை கம்பளிக்குள் சுருண்டு கிடந்ததையும் பார்த்தேன், துணி பூஞ்சை பிடிக்காமலிருக்கச் சூட்டுக்காக அலமாரியில் எரிந்த பல்பையும் பார்த்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்ததெல்லாம் உண்மையான சாட்சிதான். வழக்கை மட்டும் வேறு வீட்டின் மேல் போட்டுவிட்டேன். அவமானத்தில் எனக்குக் காதெல்லாம் சுட்டது.

அறை காலியாகத்தான் இருந்தது. எனக்காக வைத்திருந்தார் என்றெல்லாம் இல்லை, ஊரை விட்டுப் போகிறவர்கள்தான் அதிகம், வருகிறவர்கள் இல்லை. இரண்டு நிபந்தனை போட்டார். சாமானை வெயில் இருக்கும்போதே கொண்டுவர வேண்டும், ஈரத்தை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. கொடி எல்லோருக்கும் பொது, யார் துணி என்று விசாரிக்கக் கூடாது. இரண்டாவதைச் சொல்லும்போது மட்டும் அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது.

அந்த வாரமே மாறினோம். மகள் ஒரே நாளில் தேறிவிடவில்லை. தை பிறக்கும்வரை டாக்டரிடம் நடந்தோம். ஆனால் இளைப்பு வருவது குறைந்து குறைந்து, பிறகு எப்போதாவது என்று ஆயிற்று. காலையில் பாயை வெயில் விழுகிற இடத்தில் விரித்துக்கொண்டு எழுதுவாள், வெயில் நகர்ந்தால் பாயையும் இழுத்துக்கொண்டு நகர்வாள். மூக்கிலிருந்து ரத்தம் அந்த ஊரில் இருந்தவரை வரவேயில்லை.

அடுத்த பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடை ரிப்பேர் தரகர் ஒரு புதுக் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு எங்கள் முற்றம் வழியாகக் கீழே இறங்கினார். குழிவீடு அதுவரை பூட்டித்தான் கிடந்தது. கணவன் முன்னால் போய்விட்டான். அந்தப் பெண் இடுப்பில் ஒரு கைக்குழந்தையோடு கொடிப் பக்கத்தில் நின்றுவிட்டாள். அவள் உதடு அசைந்தது. துணிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

நான் ஓடிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். வெயில், உப்பு, காலண்டருக்குப் பின்னால் இருக்கிற சுவர், என் மகளின் நெஞ்சு, அதற்கு முன்னால் இருந்த பிள்ளையின் நெஞ்சு. அந்த வீட்டுக்கு மட்டும் போகாதீங்க என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். அவள் முழுவதும் கேட்டாள். குழந்தையின் தலையில் வெயில் படாமல் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"இதச் சொல்றதுல உங்களுக்கு என்னங்க லாபம்?" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன்.

"ஒண்ணுமில்லீங்க" என்றேன்.

அவள் நம்பவில்லை. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது, அந்த முகத்தை நான் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். மறுவாரம் அவர்கள் சாமான் வந்து குழிவீட்டில் இறங்கியது. நான் கொடியில் கிடந்த எங்கள் துணிகளை ஒரு ஓரமாக ஒதுக்கி, நாலு முழத்துக்கு இடம் விட்டுவைத்தேன்.